முதற்பெருக்கி

இரவு நேரம், ஊர் அடங்கிவிட்டது. இளைஞன் ஒருவன் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து, நெடுந்தொலைவிலுள்ள நிலையம் ஒன்றைத் தேடித் திருகினை மெல்லத் திருப்புகின்றான். ஓரிடத்தில் மனிதக் குரல் ஒன்று மெலிதாகக் கேட்கின்றது. ஆயினும் அதனை மூடிக்கொண்டு, கொதிக்கும் நெய்யில் நீர்த்துளி பட்டாற்போன்ற ஓர் இரைச்சல் இடைவிடாது எழுகின்றது. அவன் ஒலியைக் கூட்டும் திருகினை முழுதும் திருப்பிப் பார்க்கின்றான். குரல் பெரிதாகின்றது; அதனுடன் இரைச்சலும் பெரிதாகின்றது. பேசுவது இன்னதென்று முன்னும் விளங்கவில்லை, இப்பொழுதும் விளங்கவில்லை.

ஒலி பத்து மடங்கு பெருகியும் பொருள் விளங்காமற் போனது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண முயன்ற அறிஞர்கள், வானொலிக் கலையின் ஓர் அடிப்படை உண்மையைக் கண்டறிந்தனர். அலைகளைப் பெருக்குதல் எளிது. தன் இரைச்சலை அவற்றோடு கலவாமற் பெருக்குதலே அரிது என்பதே அவ்வுண்மை. அவ்வரிய தொழிலைச் செய்யும் பொறுப்பு, வான்கம்பிக்கு அடுத்து நிற்கும் முதற்பெருக்கியின்பால் உள்ளது. அதன் இயல்பையும், அதனை அமைப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளையும் இப்பாடத்தில் காண்போம்.

இரைச்சல் எங்கே பிறக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான்சன் என்னும் அறிஞர், மின்தடைகளை ஆராய்ந்தபோது வியத்தகு செய்தி ஒன்றைக் கண்டார். எந்த மின்கலத்துடனும் இணைக்கப்படாத வெறும் மின்தடையின் இரு முனைகளிலும் நுண்ணிய மின்னழுத்தம் ஒன்று ஓயாது ஏறியும் இறங்கியும் துடித்துக்கொண்டிருந்தது. தடையைச் சூடேற்றினால் அத்துடிப்பு மிகுந்தது, குளிர்வித்தால் குறைந்தது. பொருளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அமைதியின்றி அலைவதே இதற்குக் காரணமாகும். ஜான்சனின் ஆய்வும், அதற்குரிய கணித விளக்கத்தைத் தந்த நைக்விஸ்ட் என்பாரின் கட்டுரையும் 1928-ஆம் ஆண்டில் வெளியாயின.

இவ்விரைச்சலின் அளவு எத்துணைச் சிறிது என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். ஒரு வாட் ஆற்றலைக் கோடி கூறாக்குக. அவற்றுள் ஒரு கூற்றை மீண்டும் கோடி கூறாக்குக. அதிலும் ஒன்றை எடுத்து மீண்டும் ஒருமுறை கோடி கூறாக்குக. இறுதியிற் கிடைக்கும் நுண்கூறுகளுள் நான்கினைச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவே சாதாரண அறை வெப்பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் அலைப்பட்டை அகலத்தில் பிறக்கும் இரைச்சலின் ஆற்றல். அஃது அற்பமன்றோ என்று தோன்றலாம். ஆயினும் தொலைவிலிருந்து வரும் வானலையும் வான்கம்பியை அடையும்போது அத்தகைய அற்ப அளவினதாகவே வந்து சேர்கின்றது. இரண்டும் ஒத்த வலிமையுடையனவாய் இருப்பின், எது செய்தி, எது இரைச்சல் என்று பிரித்தறிதல் இயலாது. மேலும், அலைப்பட்டையின் அகலம் மிகுமளவிற்கு இரைச்சலும் மிகும். அகன்ற வாயுடைய வலையில் மீனும் மிகும்; குப்பையும் மிகும். ஆதலின் அகன்ற பட்டையை ஏற்கும் கருவிகளுக்கு இக்கவலை இரட்டிப்பாகும்.

இரைச்சலை அளப்பதற்குப் பொறியாளர் ஓர் எளிய வழியைக் கையாளுகின்றனர். பெருக்கி ஒன்று தானே உண்டாக்கும் இரைச்சலை, அதன் வாயிலில் வைக்கப்பட்ட மின்தடை ஒன்று எத்துணை வெப்பத்திலிருந்தால் உண்டாக்குமோ, அவ்வெப்பநிலையால் குறிக்கின்றனர். இதற்கு இரைச்சல் வெப்பநிலை என்பது பெயர். 50 கெல்வின் இரைச்சல் வெப்பநிலையுடைய பெருக்கி என்றால், அப்பெருக்கி அத்துணைக் குளிர்ந்துள்ளது என்பது பொருளன்று. அறையின் வெப்பத்திலேயே இருந்துகொண்டு, 50 கெல்வினிலுள்ள தடைக்கு ஈடான இரைச்சலை மட்டுமே அது சேர்க்கின்றது என்பதே பொருள்.

இனி, முதற்பெருக்கிக்கு ஏன் இத்துணைச் சிறப்பு என்பதைக் காண்போம். வானொலி ஏற்பியில் பெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முதற்பெருக்கி சேர்க்கும் இரைச்சலை அதற்குப் பின்னுள்ள அனைத்தும் பெருக்கிவிடுகின்றன. இரண்டாம் பெருக்கி சேர்க்கும் இரைச்சலோ, ஏற்கெனவே பெருகி வலிமை பெற்ற அலையோடு வந்து கலப்பதால் தாழ்ந்து தோன்றுகின்றது. டென்மார்க்கில் பிறந்து பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹரால்டு ஃபிரீஸ் என்னும் பொறியாளர், 1944-ஆம் ஆண்டில் இதனை ஓர் எளிய விதியாக வகுத்துரைத்தார். இரண்டாம் பெருக்கியின் இரைச்சல் வெப்பநிலையை முதற்பெருக்கியின் பெருக்கத்தால் வகுத்துப் பின்னரே கூட்ட வேண்டும் என்பது அவ்விதி.

எடுத்துக்காட்டு ஒன்று கொள்வோம். ஒரு பெருக்கியின் இரைச்சல் வெப்பநிலை 50 கெல்வின். மற்றொன்றினது 1000 கெல்வின். இரண்டும் ஆற்றலை நூறு மடங்கு பெருக்குவன. நல்லதை முன்னும் தீயதைப் பின்னும் வைத்தால், மொத்த இரைச்சல் 50-உடன் 1000-இல் நூற்றில் ஒரு பங்காகிய 10-ஐக் கூட்ட, 60 கெல்வின் ஆகும். அவற்றை இடம் மாற்றித் தீயதை முன்னும் நல்லதைப் பின்னும் வைத்தால், 1000-உடன் 50-இல் நூற்றில் ஒரு பங்கைக் கூட்ட, 1000.5 கெல்வின் ஆகும். கருவிகள் அவையே, பெருக்கமும் அதுவே. நின்ற வரிசை ஒன்றே மாறியது; விளைவோ பதினாறு மடங்கிற்கும் மேல் வேறுபட்டது. 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்னும் நம் பழமொழி, வானொலிக் கலையிலும் எவ்வளவு பொருந்துகின்றது பாருங்கள்!

அவ்வாறாயின், மிகக் குறைந்த இரைச்சலுடைய டிரான்சிஸ்டர் ஒன்றைத் தேர்ந்து முன்னே வைத்துவிட்டால் போதாதோ என்று கேட்கலாம். போதாது. இங்கேதான் பொறியாளனின் சோதனை தொடங்குகின்றது.

வான்கம்பி, தான் வேண்டும் அலையை மட்டும் ஏற்பதில்லை. நெடுந்தொலைவிலுள்ள மெலிந்த அலையும், பக்கத்துத் தெருவில் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரத்தின் வலிய அலையும் அதன் வழியே ஒருங்கே வருகின்றன. பெருக்கி ஓரெல்லை வரையில்தான் நேர்மையாகப் பணிபுரியும். அவ்வெல்லையை வலிய அலைகள் தாண்டும்போது அது தடுமாறி, இல்லாத அலைகளையும் படைத்துவிடும். 100 மெகாஹெர்ட்ஸிலும் 101 மெகாஹெர்ட்ஸிலும் இரு வலிய நிலையங்கள் இயங்குவதாகக் கொள்வோம். தடுமாறும் பெருக்கியினுள் அவ்விரண்டும் கலந்து, 99 மெகாஹெர்ட்ஸிலும் 102 மெகாஹெர்ட்ஸிலும் போலி அலைகளைத் தோற்றுவிக்கும். நாம் கேட்க விரும்பும் மெலிந்த நிலையம் 102-இல் இருப்பின், போலி அதன்மேல் அமர்ந்து அதனை மறைத்துவிடும்.

போலியைக் கண்டறிய அனுபவமுடையோர் ஓர் உத்தியைக் கையாளுவர். வான்கம்பிக்கும் பெருக்கிக்கும் இடையே, வரும் அலையின் மின்னழுத்தத்தைப் பாதியாக்கும் தடையமைப்பு ஒன்றைப் புகுத்துவர். மெய்யான அலையாயின் அதுவும் பாதியாகக் குறையும். போலியோ, எட்டில் ஒரு பங்காகச் சட்டென்று தேய்ந்துவிடும். போலி அலை மூன்று அழுத்தங்களின் பெருக்கத்தால் பிறப்பதே இதற்குக் காரணம். பாதியின் பாதியின் பாதி எட்டில் ஒன்றன்றோ?

வலிய அலைகளைத் தடுப்பதற்குரிய நேர்வழி, வேண்டும் அலையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி ஒன்றைப் பெருக்கியின் முன் காவலனாக நிறுத்துவதேயாகும். கம்பிச்சுருள் ஒன்றும் மின்தேக்கி ஒன்றும் சேர்ந்தால் அத்தகைய வடிகட்டி அமைகின்றது. இரண்டின் அளவுகளுக்கும் ஏற்ற ஒரே அதிர்வெண்ணில் அது இசைந்து ஒலிக்கும், ஏனையவற்றைத் தள்ளிவிடும். மின்தேக்கியின் அளவை மாற்றினால் இசையும் அதிர்வெண்ணும் மாறும். பழைய வானொலிப் பெட்டிகளின் திருகினைத் திருப்பும்போது, உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றனிடையே மற்றொன்று புகுந்து வெளிவருவதைக் காணலாம். அவ்வாறு மாறும் மின்தேக்கியால் நிலையத்தைத் தேர்தலையே இசைவித்தல் என்கிறோம்.

இங்கும் ஒரு கணக்கு உண்டு. அதிர்வெண்ணை இருமடங்காக்க வேண்டுமாயின் மின்தேக்கியின் அளவை நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். மும்மடங்காக்க வேண்டுமாயின் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். மத்திய அலைவரிசை ஏறக்குறைய 530 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1600 கிலோஹெர்ட்ஸ் வரை, அஃதாவது மூன்று மடங்கு விரிந்தது. தகட்டு மின்தேக்கி ஒன்றே இதற்குப் போதும். ஆனால் பத்து மடங்கு விரிந்த அகன்ற பட்டையை ஏற்கும் கருவிக்கு, மின்தேக்கி நூறு மடங்கு மாற வேண்டும், அஃது இயலாது. ஆதலின் அப்பட்டையைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கம்பிச்சுருள் அமைத்து, வேண்டியபோது வேண்டியதை இணைக்கின்றனர்.

பிற்காலத்தில் தகட்டு மின்தேக்கியின் இடத்திற்கு மாறுதேக்க டயோடு வந்தது. டயோடு ஒன்றின்மீது எதிர்முகமாக மின்னழுத்தம் செலுத்தினால், அதனுள் மின்னூட்டங்களற்ற ஒரு படலம் உண்டாகின்றது. அழுத்தம் மிக மிகப் படலம் தடிக்கும். படலம் தடிக்கத் தடிக்க மின்தேக்கும் திறன் குறையும். இதனால் கையால் திருகாமலே, மின்னழுத்தத்தை மாற்றும் அளவிலேயே நிலையங்களை விரைந்து தேரலாம். ஆயினும் இதற்கும் ஒரு குறையுண்டு. வலிய வானலை வந்தால் அதன் அழுத்தமே டயோடின் தேக்கத்தை அசைத்துவிடும். போலிகளைத் தடுக்க வைத்த காவலனே போலிகளைப் படைப்பவனாகிவிடுவான். இரு டயோடுகளை எதிரெதிராக இணைத்து, ஒன்றின் அசைவை மற்றொன்று பெரிதும் ஈடுசெய்யுமாறு அமைப்பது இதற்கொரு பரிகாரமாகும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று உளது. கம்பிச்சுருள் முற்றும் குறையற்ற பொருளன்று. அதன் கம்பிக்கும் தடையுண்டு. ஆதலின் வடிகட்டி, தான் உள்ளே விடும் அலையிலும் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றது. விழுங்குவதோடு நில்லாது, ஜான்சன் கண்ட விதிப்படி தன் இரைச்சலையும் சேர்க்கின்றது. வடிகட்டியின் பட்டை குறுகுந்தோறும் அது விழுங்கும் பங்கும் மிகுகின்றது. 200 என்னும் தரமுடைய சுருளைக் கொண்டு 100 மெகாஹெர்ட்ஸில் வடிகட்டி அமைப்பதாகக் கொள்வோம். பட்டையின் அகலத்தை 5 மெகாஹெர்ட்ஸாக வைத்தால், ஆற்றலில் நூற்றுக்கு 81 பங்கு கடந்து செல்லும்; வடிகட்டியால் சேரும் இரைச்சல் ஏறக்குறைய 68 கெல்வின். அகலத்தை 1 மெகாஹெர்ட்ஸாகக் குறுக்கினால், நூற்றுக்கு 25 பங்கே கடக்கும். சேரும் இரைச்சலோ 870 கெல்வின். இவ்வடிகட்டிக்குப் பின் நிற்கும் பெருக்கியின் 60 கெல்வினும் முதல் நிலையில் 74 ஆகவும், இரண்டாம் நிலையில் 240 ஆகவும் பெருகித் தோன்றும். எனவே மொத்தம் முன்னதில் 142 கெல்வின். பின்னதில் 1110 கெல்வின்.

காவலனை வையாவிடில் போலிகள் புகும்; கடுமையான காவலனை வைத்தால், வந்த விருந்தினரையும் அவன் பாதி வழியில் மடக்கிவிடுவான். இவ்விரண்டிற்கும் நடுவே வழி காண்பதே பொறியாளனின் திறமை. நல்ல அமைப்புகளில், சற்றே அகன்ற, குறைவாக விழுங்கும் வடிகட்டியை முன்னே வைத்து மிகப் பெரிய பகைவரை மட்டும் தடுப்பர். அடுத்து, குறைந்த இரைச்சலும் வலிய அலைகளைத் தாங்கும் உரமும் ஒருங்கே கொண்ட பெருக்கியை வைப்பர். குறுகிய வடிகட்டிகளை அப்பெருக்கிக்குப் பின்னே நிறுத்துவர். அங்கே அவை எவ்வளவு விழுங்கினும், ஃபிரீஸின் விதிப்படி அத்தீமை பெருக்கத்தால் வகுபட்டுத் தேய்ந்துவிடும்.

பெருக்கியை வான்கம்பியோடு இணைப்பதிலும் நுட்பம் உண்டு. ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும், இன்ன அளவுள்ள மின்மறுப்போடு இணைந்தால்தான் இரைச்சல் மிகக் குறையும் என்னும் இயல்பு உளது. அவ்வளவும், ஆற்றல் முழுதும் உட்செல்லுவதற்குரிய அளவும் பெரும்பாலும் ஒன்றாயிருப்பதில்லை. வாயிலின் குறுக்கே தடையொன்றை இட்டு ஆற்றல் பொருத்தத்தை எளிதில் பெறலாம். எல்லா அதிர்வெண்ணிலும் அது பொருந்தும். ஆனால் அத்தடை அலையின் ஆற்றலில் பாதியை உண்டுவிட்டு, தன் இரைச்சலையும் ஈந்துவிடும். ஆகவே அறிந்தோர் அதனைத் தவிர்த்து, டிரான்சிஸ்டரின் உமிழ்முனையில் சிறு கம்பிச்சுருளை இணைத்தோ, மின்மாற்றி வழியாக வெளிவரும் அலையில் ஒரு சிறு பகுதியை வாயிலுக்குத் திருப்பி அனுப்பியோ, இரண்டு பொருத்தங்களையும் அணுகச் செய்கின்றனர். தடையில்லாத பொருள்களால் இது நிகழ்வதால் புதிய இரைச்சல் மிகச் சிறிதே சேரும்.

இனி, எவ்வளவு குறைந்த இரைச்சல் வேண்டும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை வகுப்பது வானமேயாகும். இதனை உலகிற்கு முதலில் உணர்த்தியவர் கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளைஞர். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து செல்லும் வானொலித் தொலைபேசிக்கு இடையூறாகும் இரைச்சல்களை ஆராயுமாறு பெல் ஆய்வுக்கூடம் அவரைப் பணித்தது. நியூ ஜெர்சி மாநிலத்து ஹோம்டெல் என்னுமிடத்தில், சுமார் 30 மீட்டர் நீளமுள்ள வான்கம்பிச் சட்டம் ஒன்றை அவர் அமைத்தார். பழைய போர்டு மோட்டார் வண்டியின் சக்கரங்களின்மீது அது வட்டமாகச் சுழன்றது. 20.5 மெகாஹெர்ட்ஸில் அவர் கேட்ட இரைச்சல்களுள் ஒரு பகுதி அருகிலுள்ள இடிமழையிலிருந்தும், ஒரு பகுதி தொலைவிலுள்ள இடிமழையிலிருந்தும் வந்தது. மூன்றாவது ஒன்றோ, மெலிந்து இடைவிடாது ஒலித்தது. அது நாள்தோறும் 24 மணிக்கு ஒருமுறையன்று, 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை உச்சம் அடைவதை அவர் கண்டார். விண்மீன்கள் வானைச் சுற்றிவரும் காலம் அதுவன்றோ? ஆகவே அவ்விரைச்சல் கதிரவனிடமிருந்து வருவதன்று. பால்வீதியின் நடுவிடத்திலிருந்து வருவது என்று 1933-ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். வானொலி வானியல் என்னும் புதுத்துறை அன்றே பிறந்தது.

பால்வீதியின் இவ்விரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகப் பெரிது. அதிர்வெண் உயர உயர விரைந்து தேய்கின்றது. சிற்றலை வானொலியில் வானமே பேரிரைச்சல் செய்வதால், அங்கே பெருக்கியின் இரைச்சலை அளவிறந்து குறைப்பது வீண்முயற்சி. வலிய அலைகளைத் தாங்கும் உரமே அங்கு வேண்டுவது. 100 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் இரைச்சல் சில நூறு கெல்வின் இருக்கும். மேற்கண்ட கணக்கில் 142 கெல்வின் உடைய அமைப்பு அங்கே தக்கதாகும். 1110 கெல்வின் உடையதோ வானத்தின் குரலையும் மூடிவிடும். சில ஆயிரம் மெகாஹெர்ட்ஸில், தெளிந்த வானம் ஒருசில கெல்வினே இரைகின்றது. அங்கே ஒவ்வொரு கெல்வினும் விலைமதிப்புடையது. வான்கம்பியிலிருந்து பெருக்கி வரையுள்ள கம்பி, ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் இழந்தாலும் அதனாற் சேரும் இரைச்சல் 30 கெல்வினுக்கு மேலாகும். இதனாலேயே முதற்பெருக்கியை வான்கம்பியின் வாயிலிலேயே கொண்டுபோய் வைக்கின்றனர். வீட்டுக் கூரைகளின்மேல் காணும் தொலைக்காட்சித் தட்டின் முன்னே, கையளவுப் பெட்டி ஒன்று நீண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதனுள் இருப்பது அத்தகைய முதற்பெருக்கியே.

அவ்வளவு நுட்பமான பெருக்கி மானிட அறிவிற்கு எத்தகைய கொடையை அளித்தது என்பதற்கு மற்றொரு வரலாறும் உண்டு. அதே ஹோம்டெல் ஊரில், செயற்கைக்கோள் ஆய்விற்கென அமைக்கப்பட்ட பெரிய கொம்பு வடிவ வான்கம்பி ஒன்று இருந்தது. 1961-ஆம் ஆண்டில் அதனைக் கொண்டு அளந்த ஓம் என்னும் பொறியாளர், எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 3 கெல்வின் மிகுதியாக இருப்பதைக் கண்டார். ஆயினும் அளவையின் ஐயப்பாடும் அதற்கு நெருங்கியே இருந்தமையால், அம்மிகுதி தனிப் பொருளாகக் கருதப்படவில்லை. பின்னர் 1964-ஆம் ஆண்டில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்னும் இருவர் அக்கொம்பை 4080 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்தினர். அவர்கள் வைத்த முதற்பெருக்கி மேசர் எனப்படும் மிகக் குறைந்த இரைச்சலுடைய கருவி. திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட ஒப்பீட்டுத் தடை ஒன்றையும் அவர்கள் உடன் வைத்து, கருவியின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு இரைச்சல் சேர்க்கின்றது என்று தனித்தனியே அளந்தனர்.

எல்லாவற்றையும் கூட்டிய பின்னும் சுமார் 3.5 கெல்வின் கணக்கிற்கு அடங்காது எஞ்சியது. எத்திசையில் திருப்பினும், இரவாயினும் பகலாயினும் அது மாறவில்லை. கொம்பினுள் கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றி, அவற்றின் எச்சத்தையும் துடைத்தனர். தகடுகளின் இணைப்புகளை அலுமினியப் பட்டையால் மூடினர். இரைச்சல் நீங்கவில்லை. அது பேரண்டம் தோன்றிய தொடக்க காலத்தின் வெப்பத்தினின்று எஞ்சிய கதிர்வீச்சு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவர்கள் கண்டது 1965-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1978-ஆம் ஆண்டில் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். தம் கருவியின் குறைகளை ஒன்றுவிடாமல் கணக்கிட்டு அறிந்திருந்தமையால் அன்றோ, எஞ்சியது கருவியின் குறையன்று என்று துணிந்து கூற அவர்களால் இயன்றது!

நம் நாட்டிலும் இக்கலையின் சிறப்பைக் காட்டும் கருவிகள் உள்ளன. நீலகிரியில் உதகமண்டலத்திற்கு அருகே முத்தோரை என்னுமிடத்தில், கோவிந்த் ஸ்வரூப் என்னும் அறிஞரின் தலைமையில் வானொலித் தொலைநோக்கி ஒன்று அமைக்கப்பட்டு 1970-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். அவ்விடத்தின் அட்சரேகைக்கு இணையான சுமார் 11 பாகைச் சரிவுடைய மலைச்சாரலைத் தேர்ந்து அதனை அமைத்தமையால், அதன் அச்சு நிலவுலகின் அச்சிற்கு இணையாக நிற்கின்றது. ஆகவே ஒரே அச்சில் சுழற்றுவதாலேயே ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து நோக்கலாம். அதன் குவியக் கோட்டில் 1056 இருமுனை வான்கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. தொடக்கத்தில் அவற்றின் அலைகள் கம்பிகளிலும் இணைப்புகளிலும் ஒரு பகுதியை இழந்த பின்னரே பெருக்கியை அடைந்தன. பின்னர் 1992-ஆம் ஆண்டில் ஒவ்வொரு வான்கம்பியின் பின்னும் இரைச்சல் குறைந்த பெருக்கி ஒன்று வைக்கப்பட்டது. தொலைநோக்கியின் பரப்பு ஒரு சாணும் கூடவில்லை. எனினும் அதன் உணர்திறன் பெரிதும் உயர்ந்தது.

பூனாவிற்கு வடக்கே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடைய 30 தட்டுகளைக் கொண்ட பெருந்தொலைநோக்கி ஒன்று உளது. அகன்ற பட்டைகளை ஏற்குமாறு அது புதுப்பிக்கப்பட்டுள்ளது. 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரையிலான முழுப் பட்டையையும் ஒரே ஏற்பி ஏற்கின்றது. அலைபேசியும் தொலைக்காட்சியும் வானத்தை நிரப்பியுள்ள இக்காலத்தில், வலிய அலைகளைத் தாங்கி மெலிந்ததைக் கேட்கும் அக்கலை முன்னினும் இன்றியமையாததாயிற்று.

மாணவர்களே, முதற்பெருக்கியின் வரலாற்றில் நாம் கற்கத்தக்கது பிறிதொன்றும் உண்டு. மெலிந்த குரலைக் கேட்க விரும்புவோன் தன் குரலை அடக்குதல் வேண்டும். பிறர் சொல்லைத் தன் எண்ணங்களோடு கலந்து பெருக்குவோன் இரைச்சலையே பெருக்குகின்றான். வாயிலில் நின்று முதலிற் கேட்பவனின் பிழையைப் பின்வரும் எவராலும் திருத்த இயலாது. அவன் நேர்மையோ பின்வருவோர் அனைவருக்கும் துணையாகின்றது. தன் குறையின் அளவைத் தானே அறிந்தவனுக்கே, பேரண்டத்தின் தொடக்கத்திலிருந்து வரும் மெல்லோசையும் விளங்குகின்றது.